மலேசியாவின் தேசியப் பல்லுயிர்க் குறிக்கோள்கள்: ஒரு விளக்கம்

1. முன்னுரை

பத்துமலையின் 272 படிகளை ஏறிச் செல்லும் நம்மில் பெரும்பாலோர் அம்மலையை முருகன் திருத்தலமாகவே அறிவோம். அதே சுண்ணாம்புக் குன்றின் இருட்குகையில் தேனுண்ணும் வௌவால்கள் கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன. அந்தி சாய்ந்ததும் இவை குகையை விட்டு வெளியேறுகின்றன. டுரியான் மரங்கள் பூக்கும் பருவத்தில் அப்பூக்களை நாடிச் சென்று தேனுண்கின்றன. அவ்வாறு உண்ணும்போதே மகரந்தத்தை ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்திற்குக் கொண்டு சேர்க்கின்றன. டுரியான் இரவில் மலரும் பூ. அதன் மகரந்தச் சேர்க்கை பெரிதும் வௌவால்களையே நம்பியுள்ளது.

ஆனால் டுரியான் ஆண்டில் சில வாரங்களே பூக்கும். எஞ்சிய மாதங்களில் இவ்வௌவால்கள் எதை உண்டு வாழ்கின்றன? 1970களில் வெளிவந்த ஆய்வொன்று இதற்கு விடை தந்தது. இவை கடலோரச் சதுப்புநிலக் காடுகளில் ஆண்டு முழுவதும் மலரும் மரங்களை நாடி, 40 கிலோமீட்டருக்கு அண்மைய தொலைவுவரை பறந்து செல்கின்றன என்பது அவ்வாய்வின் முடிவு. ஆகவே, நம் வீட்டுக்கு வரும் டுரியான் பழம் மூன்று இடங்களைச் சார்ந்திருக்கின்றது: வௌவால் தங்கும் குன்று, பழத்தோட்டம், தொலைவிலுள்ள சதுப்புநிலக் காடு. இம்மூன்றும் வெவ்வேறு உரிமையாளர்களிடமும் வெவ்வேறு அலுவலகங்களின் பொறுப்பிலும் இருக்கக்கூடும். வௌவாலோ இந்த எல்லைகளை அறியாது.

ஒரு நாடு தன் பல்லுயிர் வளத்தைக் காக்கக் குறிக்கோள்களை வகுக்கும்போது எதிர்கொள்ளும் முதன்மையான இடர் இதுவே என நாம் கருதுகிறோம். குறிக்கோள்கள் பரப்பளவாலும் எண்ணிக்கையாலும் எழுதப்படுகின்றன. உயிர்களோ தொடர்புகளால் வாழ்கின்றன. மலேசியாவின் தேசியக் குறிக்கோள்கள் எவை, அவை எவ்வாறு உருவாயின, எங்கே வலுவுடன் நிற்கின்றன, எங்கே தளர்கின்றன என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

2. சொல்லும் பொருளும்

நாம் இங்குப் 'பல்லுயிர் வளம்' என வழங்குவதைப் பிறர் உயிர்ப்பன்மயம் என்றும் பல்லுயிர்ப் பெருக்கம் என்றும் எழுதுகின்றனர். சொல் எதுவாயினும் பொருள் மூன்று படிநிலைகளைக் கொண்டது. முதலாவது, ஓர் இனத்திற்குள்ளேயே காணப்படும் மரபணு வேறுபாடு. ஒரே டுரியான் இனத்தில் சுவையாலும் நிறத்தாலும் வேறுபட்ட பல வகைகள் இருப்பது இதற்குச் சான்று. இரண்டாவது, இனங்களின் பன்மை. டுரியான் பேரினத்தைச் சேர்ந்த பல்வேறு காட்டினங்கள் போர்னியோத் தீவில் வளர்வது இவ்வகை. மூன்றாவது, சூழலமைவுகளின் பன்மை. மழைக்காடு, கரிச்சதுப்புக் காடு, அலையாத்திக் காடு, பவளப்பாறை முதலியன இதில் அடங்கும். 1992ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ மாநாட்டில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட பல்லுயிர் வள ஒப்பந்தம் இம்மூன்றையும் ஒருங்கே கருதுகின்றது. பாதுகாத்தல், பேண்தகு முறையில் பயன்படுத்துதல், மரபணு வளத்தால் விளையும் பயனை நேர்மையாகப் பகிர்தல் என்பன அவ்வொப்பந்தத்தின் மூன்று நோக்கங்களாகும்.

தமிழ் பயில்வோர்க்கு இக்கருத்து முற்றிலும் அயலானதன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டு, அந்நிலத்திற்குரிய விலங்கு, பறவை, மரம், உணவு, மக்களின் தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என ஒரே வரிசையில் வைக்கின்றது. இதனைக் கொண்டு பழந்தமிழர் சூழல் பாதுகாப்புக் கொள்கை வகுத்திருந்தனர் எனக் கூறுவது மிகையாகும். அது செய்யுளுக்குரிய இலக்கணம். எனினும், நிலமும் உயிரும் தொழிலும் ஒன்றையொன்று சார்ந்தவை எனக் காணும் பார்வை அதில் உண்டு. வகுப்பறையில் பல்லுயிர் வளத்தை அறிமுகப்படுத்த அப்பார்வை நல்லதொரு வாயிலாக அமையும்.

3. கொள்கையின் வளர்ச்சி

உலகில் பல்லுயிர் வளம் மிகுந்தவையாகக் கணிக்கப்படும் 17 நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. 1992ஆம் ஆண்டு ரியோ மாநாட்டின்போது, தன் நிலப்பரப்பில் குறைந்தது 50 விழுக்காட்டைக் காடாக வைத்திருப்பதாக இந்நாடு உறுதி கூறியது. 1994ஆம் ஆண்டு பல்லுயிர் வள ஒப்பந்தத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. அதனைச் செயற்படுத்தும் முகமாக முதலாவது தேசியப் பல்லுயிர்க் கொள்கை 1998ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. 2020ஆம் ஆண்டிற்குள் வெப்பமண்டலப் பல்லுயிர் வளத்தின் பாதுகாப்பு, ஆய்வு, பயன்பாடு ஆகியவற்றில் மலேசியாவை உலகின் சிறந்த மையமாக்குவது அதன் தொலைநோக்கு. அதில் 15 உத்திகள் இருந்தன. ஆயினும், எந்த ஆண்டிற்குள் எவ்வளவு என்னும் அளவுகோல் அக்கொள்கையின் மையமாக இருக்கவில்லை.

2010ஆம் ஆண்டு ஜப்பானின் நகோயா நகரில் உலக நாடுகள் 20 இலக்குகளை வகுத்தன. அவற்றை ஒட்டி, மலேசியா 2016 முதல் 2025 வரைக்குமான புதிய கொள்கையை அமைத்தது. ஐந்து குறிக்கோள்கள், அவற்றின் கீழ் 17 இலக்குகள் என்பது அதன் கட்டமைப்பு. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் மொன்றியல் நகரில் புதிய உலகச் சட்டகம் ஏற்கப்பட்டது. 2030ஆம் ஆண்டிற்குள் நிலத்திலும் நீரிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பது அதன் 23 இலக்குகளுள் பரவலாகப் பேசப்படும் ஒன்று. மலேசியாவும் தன் கொள்கையைத் திருத்தி 2022 முதல் 2030 வரைக்குமாக அமைத்துக்கொண்டது; ஐந்து குறிக்கோள்கள் என்னும் அடிப்படை அதிலும் தொடர்கின்றது.

4. ஐந்து குறிக்கோள்கள்

முதற்குறிக்கோள், அரசு, தனியார் துறை, பூர்வகுடியினர், பொதுமக்கள் ஆகிய அனைத்துத் தரப்பினரையும் பாதுகாப்புப் பணியில் பொறுப்புடையோராக்குதல். இரண்டாவது, பல்லுயிர் வளத்தின்மீது நேராகவும் மறைமுகமாகவும் விழும் அழுத்தங்களைக் குறைத்தல். பேண்தகு வேளாண்மை, காட்டு மேலாண்மை, மீன்வளம், சுற்றுலா ஆகியவை இதன்கண் அடங்கும். மூன்றாவது, முதன்மையான சூழலமைவுகளையும் இனங்களையும் மரபணு வேறுபாட்டையும் காத்தல். நான்காவது, பல்லுயிர் வளத்தின் பயனை நேர்மையாகப் பகிர்தல். ஐந்தாவது, அறிவையும் திறனையும் வளர்த்தல்.

இவற்றுள் மூன்றாவது குறிக்கோள் எளிதில் விளங்கும். இரண்டாவதும் நான்காவதும் சற்று விரித்துரைக்கத் தக்கவை. 'பேண்தகு பயன்பாடு' என்பது காட்டைத் தொடாமல் இருப்பதன்று. ஓர் உயிரின் இயல்பை அறிந்து, அது அழியாதவாறு பயன்கொள்வதாகும். நம் தோட்டப்புற வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. மரம் மட்டும் இங்கு வந்தது; அதன் பூக்களை நாடும் வண்டு வரவில்லை. ஆகவே, பல தோட்டங்களில் தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், பாளை பாளையாகக் கையால் மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. 1981ஆம் ஆண்டு, உரிய சோதனைகளுக்குப் பின், கேமரூனிலிருந்து சிறியதொரு கூன்வண்டு கொண்டுவரப்பட்டு ஜொகூர் தோட்டங்களில் விடப்பட்டது. விரைவில் குலைகள் நன்கு காய்த்தன; கையால் மகரந்தம் தூவும் தேவையும் நீங்கியது. பல்லாயிரம் எக்டர் தோட்டத்தின் வருவாய் ஒரு சின்னஞ்சிறு பூச்சியின் உழைப்பில் தங்கியிருக்கின்றது என்பதை இந்நிகழ்வு மெய்ப்பித்தது. அதேவேளையில், அவ்வேலையை நம்பியிருந்தோர் அதனை இழந்தனர். இயற்கை தரும் பயன் யாரைச் சேர்கின்றது என்னும் வினா இவ்விடத்தில் எழுகின்றது. நான்காவது குறிக்கோள் மரபணு வளத்தைக் குறித்து எழுப்புவதும் இவ்வினாவையே.

இரப்பரின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலின் அமேசான் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மலாயாவின் பொருளாதாரமும், இலட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களின் வருகையும் இக்கன்றுகளின் பின்விளைவுகள் எனலாம். விதையைத் தந்த நிலத்துக்கும், அம்மரத்தின் பாலை முதலில் அறிந்து பயன்படுத்திய அமேசான் பூர்வகுடியினர்க்கும் இதனால் கிடைத்த பங்கு ஒன்றுமில்லை. அன்று அதனைக் கேட்கச் சட்டமும் இல்லை.

ஒரு நூற்றாண்டிற்குப் பின் மலேசியா விதை தரும் நாட்டின் இடத்தில் நின்றது. 1987ஆம் ஆண்டு சரவாக்கின் லுண்டு வட்டாரத்தில், மலாய் மொழியில் பிந்தாங்கோர் எனப்படும் மரத்தின் இலைகளும் கிளைகளும் ஆய்வுக்காகத் திரட்டப்பட்டன. அமெரிக்காவில் நடந்த சோதனையில் அம்மரத்தின் சேர்மம் ஒன்று எய்ட்ஸ் நோய்க்கிருமியைத் தடுக்கவல்லது எனத் தெரிந்தது. மேலும் திரட்ட ஆய்வாளர்கள் அவ்விடத்திற்கு மீண்டும் சென்றபோது அம்மரம் வெட்டப்பட்டிருந்தது. அருகிலிருந்த பிற மரங்களிலோ அச்சேர்மம் எதிர்பார்த்தவாறு கிடைக்கவில்லை. ஓர் இனம் அழியாமல் இருந்தாலே போதும் என எண்ணுவோர்க்கு இந்நிகழ்ச்சி மறுமொழியாகும். அழிந்தது ஓர் இனமன்று, ஒரே ஒரு மரம். இனத்திற்குள் இருக்கும் மரபணு வேறுபாட்டையும் காக்க வேண்டும் என மூன்றாவது குறிக்கோள் கூறுவதன் பொருள் இங்கு விளங்கும். அச்சேர்மம் இன்றளவும் மருந்தாக விற்பனைக்கு வரவில்லை. எனினும், 1996ஆம் ஆண்டு சரவாக் மாநில அரசு அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் கூட்டு முயற்சி அமைத்து அதன் பயனில் தனக்குப் பங்கு வகுத்துக்கொண்டது. 1998ஆம் ஆண்டு சரவாக் பல்லுயிர் வள மையமும் தோன்றியது. நாடளாவிய நிலையில், மரபணு வளத்தை அணுகுதல், பயன்பகிர்தல் ஆகியன பற்றிய சட்டம் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2020ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பூர்வகுடியினரின் மரபறிவைப் பயன்படுத்துவோர் அவர்தம் முன்னிசைவைப் பெற வேண்டும் என்பதை இச்சட்டம் வலியுறுத்துகின்றது.

5. எண்களும் உண்மை நிலையும்

2016ஆம் ஆண்டுக் கொள்கை, 2025ஆம் ஆண்டிற்குள் நிலப்பரப்பிலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் குறைந்தது 20 விழுக்காட்டையும், கரையோர, கடற்பகுதிகளில் 10 விழுக்காட்டையும் பாதுகாப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. இத்தகைய இலக்குகளால் நன்மை உண்டு. சபாவின் வடகடலில் ஏறத்தாழ 9 இலட்சம் எக்டர் பரப்புள்ள துன் முஸ்தபா பூங்கா 2016ஆம் ஆண்டு அரசிதழில் அறிவிக்கப்பட்டது. எண் இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும்.

ஆனால், எண் மறைப்பதும் உண்டு. நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் காடு என்னும் கணக்கு மெய்யே. ரியோ உறுதிமொழியும் அவ்வகையில் காக்கப்பட்டுள்ளது. எனினும், காப்புக்காட்டின் எல்லைக்குள் வெட்டுமரத்திற்காக ஒரே வகை மரத்தைப் பயிரிட்ட இடங்களும் அக்கணக்கில் சேர்கின்றன. அவற்றுள் இரப்பர் மரமும் உண்டு. தோட்டத்தில் நின்றால் பயிர் எனப்படும் மரம், காப்புக்காட்டில் நின்றால் காடு எனப்படுகின்றது.

புலியின் நிலை இன்னும் கடுமையானது. 1950களில் தீவகற்ப மலேசியாவில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்தனவாக மதிப்பிடப்பட்டது. 2008ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட தேசியச் செயல்திட்டம் 2020ஆம் ஆண்டிற்குள் காட்டில் 500 புலிகள் என இலக்கு வைத்தது. 2016 முதல் 2020 வரை நடந்த முதலாவது தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி எஞ்சியிருந்தவை 150க்கும் குறைவு. கம்பிக் கண்ணிகளைக் கொண்டு நடக்கும் கள்ளவேட்டை, இரை விலங்குகளின் குறைவு, காடு துண்டாடப்படுதல் ஆகியன இதன் காரணங்கள். காண்டாமிருகத்திற்கு அந்த அளவிலான வாய்ப்பும் கிட்டவில்லை. சபாவில் பராமரிக்கப்பட்ட 'தாம்' என்னும் கடைசி ஆண் சுமத்திராக் காண்டாமிருகம் 2019ஆம் ஆண்டு மே மாதத்திலும், 'இமான்' என்னும் கடைசிப் பெண் அதே ஆண்டு நவம்பரிலும் இறந்தன. அத்துடன் அவ்வினம் இந்நாட்டில் இல்லாது போயிற்று.

காட்டின் மொத்தப் பரப்பு பெரிதாயினும், துண்டு துண்டாகக் கிடந்தால் பெருவிலங்குகள் நிலைக்க மாட்டா. இதனை உணர்ந்தே, தீவகற்பத்தின் நான்கு பெருங்காட்டுத் தொகுதிகளை இணைக்கும் 'நடுக்காட்டு முதுகெலும்பு' என்னும் திட்டம் வகுக்கப்பட்டது. பகாங்கின் சுங்கை யு, திரங்கானுவின் கென்யிர், பேராக்கின் கிரிக் ஆகிய இடங்களில் விலங்குகள் கீழே கடந்து செல்லுமாறு சாலைகள் பாலமாக உயர்த்தப்பட்டன. இப்பாலங்கள் பயன்தருகின்றன, ஆயினும், போதிய அளவில் இல்லை. 2025ஆம் ஆண்டு மே மாதம் கிரிக் – ஜெலி நெடுஞ்சாலையில் யானைக் கன்று ஒன்று லாரியில் அடிபட்டு இறந்தது. லாரியின் அடியில் கிடந்த கன்றை மீட்கத் தாய்யானை தன் தலையால் அவ்வண்டியை முட்டித் தள்ளி நின்ற காட்சியை நாடே கண்டு வருந்தியது. அச்சாலையின் இருபுறமும் காடுதான். கணக்கில் குறைவு ஒன்றுமில்லை. இரண்டிற்கும் இடையிலான தொடர்பே அறுந்திருந்தது.

6. ஒப்பந்தம் கூட்டரசுக்கு, நிலம் மாநிலத்திற்கு

அறுந்த தொடர்பு காட்டில் மட்டும் இல்லை, ஆட்சியமைப்பிலும் உண்டு. அனைத்துலக ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது கூட்டரசு. ஆனால், கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலமும் காடும் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளன; வனவிலங்குப் பாதுகாப்பு இரு தரப்பிற்கும் பொதுவானது. எனவேதான் 1984ஆம் ஆண்டுத் தேசியக் காட்டுச் சட்டத்தைத் தீவகற்ப மாநிலங்கள் தனித்தனியே ஏற்க வேண்டியிருந்தது. சபாவும் சரவாக்கும் தத்தம் சட்டங்களைக் கொண்டுள்ளன. நிலமும் மரமும் கனிமமும் மாநிலங்களின் முதன்மையான வருவாய். காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் மாநிலம் நாடு முழுமைக்கும் நீரும் தூய காற்றும் தந்தும், தான் வருவாய் இழந்து நிற்கின்றது. பேராசையால் மட்டுமே காடு அழிகின்றது எனச் சொல்வது எளிது. வரவுசெலவுக் கணக்கும் காட்டை அழிக்கின்றது என்பதே முழுமையான விளக்கம்.

இக்குறையைக் களையும் முயற்சியே 'சூழலியல் நிதிப் பகிர்வு'. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கெனக் கூட்டரசு 2019ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் 6 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. 2024ஆம் ஆண்டிற்கான ஒதுக்கீடு 20 கோடியாக உயர்ந்தது. வெட்டுமரமும் நிலமும் ஈட்டித்தரும் தொகைக்கு இது ஈடாகாது எனினும், நிற்கும் மரத்திற்கும் விலையுண்டு என்னும் கொள்கை இதனால் ஏற்கப்பட்டது.

சட்டத்திற்கும் நிதிக்கும் அப்பால் குடிமக்களின் குரலும் ஓர் ஆற்றல் என்பதைச் சிலாங்கூர் நிகழ்வு ஒன்று காட்டியது. கோல லங்காட் வடக்குக் காப்புக்காடு தலைநகருக்கு அணித்தான கரிச்சதுப்புக் காடு. தெமுவான் பூர்வகுடியினரின் வாழ்வோடு பிணைந்தது. அதன் பெரும்பகுதியைக் காப்புநிலையிலிருந்து விடுவிக்கும் முன்மொழிவு 2020ஆம் ஆண்டு தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டபோது, பூர்வகுடியினரும் இயற்கை ஆர்வலரும் பொதுமக்களும் திரளாக எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வாறிருந்தும், ஏறத்தாழ 536 எக்டர் விடுவிக்கப்பட்டுவிட்டது என்னும் செய்தி 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே, மறுமாதம் மாநில அரசு அம்முடிவைக் கைவிட்டு அந்நிலத்தை மீண்டும் காப்புக்காடாக்க இசைந்தது. காப்புநிலையை நீக்கும் முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் விதி முன்பே சிலாங்கூரில் இருந்தமையால்தான் மக்கள் அம்முன்மொழிவைத் தொடக்கத்திலேயே அறிய முடிந்தது. 2022ஆம் ஆண்டு தேசியக் காட்டுச் சட்டத் திருத்தம் பொது விசாரணையைக் கட்டாயமாக்கியது. இதனையும் ஒவ்வொரு மாநிலமும் ஏற்றாலன்றிப் பயன் முழுமையாகாது.

7. தமிழாசிரியரின் பங்கு

ஐந்தாவது குறிக்கோளாகிய அறிவு வளர்ச்சி பல்கலைக்கழகங்களோடு நின்றுவிடலாகாது. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல தோட்டப்புறத்தில் தோன்றியவை. அம்மாணவர்களின் பாட்டனும் பாட்டியும் காடழித்த நிலத்தில் உழைத்தவர்கள். பாம்பையும் ஆந்தையையும் மழைக்குறியையும் அறிந்தவர்கள். எலிகளைக் கட்டுப்படுத்தச் செம்பனைத் தோட்டங்களில் கூகைகளுக்குக் கூடு வைப்பதை அம்மூத்தோர் பலர் நேரில் கண்டிருப்பர். அவ்வறிவை மாணவர் கேட்டு எழுதும் கட்டுரைப் பயிற்சி, மொழிப்பாடத்திற்கும் பொருந்தும். பல்லுயிர்க் கல்விக்கும் உதவும்.

மற்றொன்றும் கூற வேண்டும். பொது விசாரணை அறிவிப்பைப் படித்துப் பொருளுணர்ந்து கருத்துரைப்பது மொழித்திறனே. காப்புக்காடு, காப்புநிலை நீக்கம், முன்னிசைவு, பயன்பகிர்வு போன்ற சொற்களை மாணவர் தமிழிலும் தேசிய மொழியிலும் இணைத்து அறிந்திருப்பின், பின்னாளில் அத்தகைய அறிவிப்பு நாளிதழில் வரும்போது அதனைக் கடந்து செல்ல மாட்டார். கலைச்சொல் ஆக்கம் என்பது அகராதிப் பணி மட்டுமன்று, குடிமைப் பணியுமாகும்.

8. முடிவுரை

மலேசியாவின் பல்லுயிர்க் குறிக்கோள்கள் 1998ஆம் ஆண்டின் பொதுநோக்கிலிருந்து ஆண்டும் அளவும் குறித்த இலக்குகளாக வளர்ந்துள்ளன. அவ்வளர்ச்சி பாராட்டத்தக்கது. எனினும், புலியும் காண்டாமிருகமும் நமக்குக் கற்பிப்பது, இலக்கு எழுதப்படுவதால் மட்டும் உயிர் காக்கப்படுவதில்லை என்பதாகும். காட்டுக்கும் காட்டுக்கும் இடையிலான வழி, கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலான நிதி, பயன்பெறுவோர்க்கும் விட்டுக்கொடுப்போர்க்கும் இடையிலான நேர்மை, அறிவிப்புக்கும் அதனைப் படிக்கும் குடிமகனுக்கும் இடையிலான மொழி ஆகிய நான்கு தொடர்புகளும் அறாதிருந்தால்தான் விழுக்காடுகள் பொருள்பெறும்.

அடுத்தமுறை மாணவர்களைப் பத்துமலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், வழிபாடு முடிந்தபின் அந்தி சாயும்வரை சற்றுக் காத்திருக்கலாம். குன்றின் இருளிலிருந்து புறப்படும் வௌவால்களைக் காட்டி, அவை எங்கே செல்கின்றன என வினவலாம். அவ்வினாவிற்கு விடை தேடத் தொடங்கும் மாணவர், ஒரு தேசியக் கொள்கையின் உட்பொருளை அங்கேயே கற்கத் தொடங்கிவிடுகிறார்.